கொரம்பு ஏன் நிற்கவில்லை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வண்டலூர் குன்றுப் பக்கமிருந்து இறங்கி ஏரிக்குப் போகும் சின்ன ஓடை ஒன்றில், நானும் நண்பர்களும் நாலு மழைக்காலமாகக் கொரம்பு போட்டு வருகிறோம். கழி நட்டு, கொப்பு பின்னி, வைக்கோலும் களிமண்ணும் அடைத்துக் கட்டுகிற முழங்கால் உயரத் தடுப்பு. வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்ப நம் பாட்டன்மார் ஆற்றின் குறுக்கே போட்டதும் இதுதான். நாங்கள் போடுவது தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கவும், அறுந்து பள்ளமான ஓடையை மேலே கொண்டுவரவும்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஆழமாக அறுந்துபோன ஓடைகளை மீட்க ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறார்கள். அவர்களுக்கு வாத்தியார் பீவர் என்கிற பிராணி. பலர் இதை நீர்நாயோடு குழப்பிக்கொள்கிறார்கள். நீர்நாய் மீன் பிடித்துத் தின்னும், அணை கட்டாது. பீவர் மரப்பட்டையும் இலைதழையும் தின்னும் கொறிவிலங்கு; மரத்தைப் பல்லால் அறுத்துச் சாய்த்து ஓடையைத் தடுக்கும். இந்தியாவில் அது கிடையாது. ஓரிகன் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் மனிதர்கள் கழி நட்டுத் தொடங்கிவைத்தார்கள், பீவர்கள் வந்து பல இடங்களில் அவற்றைத் தங்கள் அணையாகவே ஆக்கிக்கொண்டன. ஸ்டீல்ஹெட் மீன்கள் அங்கே பெருகியதை 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

நம் ஓடையில் ராத்திரி வந்து ஓட்டையை அடைக்க பீவர் இல்லை. அந்த வேலை நம் தலையில். ஒவ்வொரு மழைக்கும் மறுநாள் காலையில் போய்ப் பார்த்து, கை வைத்துச் சரிசெய்தால்தான் கொரம்பு பிழைக்கும். அப்படிப் போய்ப் போய்ச் சரிசெய்ததில் தெரிந்துகொண்டவை இவை.

இது எந்த ஓடைக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் வெட்டவெளியாக இருக்கிற, வீடுகளுக்கு மேலே இருக்கிற சின்ன ஓடைக்கு மட்டும். மழைநீர் வடிகாலிலோ, அடையாறு, கூவம் மாதிரி ஆற்றிலோ, குடியிருப்பு நடுவே போகும் கால்வாயிலோ ஒரு குச்சிகூட நடாதீர்கள். ஓடை நீர்வளத்துறை வசமா, ஊராட்சி வசமா, காப்புக்காடா என்று கேட்டு, அனுமதி எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். வேலையை ஆனி, ஆடியில் முடித்துவிட்டால், ஆவணியில் சாயங்காலம் பெய்கிற இடிமழை உங்களுக்கு ஒத்திகை. ஐப்பசியில் வருவதுதான் பரீட்சை.

தண்ணீர் தேங்கவே மாட்டேன் என்கிறது

முதலில் கீழ்ப்பக்கம் இறங்கி நின்று, கசிந்து வருகிற தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். எதையும் அடைக்கும் முன் இதுதான் முதல் சோதனை.

*கசிவு தெளிவாக வருகிறது என்றால்:* ஒன்றும் செய்ய வேண்டாம். கொரம்பு கசியத்தான் வேண்டும்; பீவர் அணையும் கசியும். இரண்டு மழை போகட்டும். இலைச்சருகும் வண்டலும் வந்து கொப்புகளின் இடுக்கில் தானே உட்காரும். முதல் வருடம் எங்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. ஒரு தார்ப்பாயை மேல்பக்கம் விரித்து ஒரு சொட்டு விடாமல் அடைத்தோம். தண்ணீர் நன்றாக ஏறியது. அன்று ராத்திரி மழையில் தார்ப்பாய் பாய்மரம்போல உப்பி, ஏழு கழிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது.

*கசிவு செம்மண் கரைசலாகக் கலங்கி வருகிறது என்றால்:* அடியில் மண் அறுத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பார்க்க வேண்டும். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க உமி போதும். ஒருநாள் மழை விட்டதும் அரைப்படி உமியை மேல்பக்கத்தில் தூவிவிட்டுக் குந்தி உட்கார்ந்தேன். எல்லாம் மெல்ல மிதந்து வந்து கொப்பில் ஒட்டியது. வலது கரையிலிருந்து மூன்றாவது கழியருகே மட்டும் ஒரு கைப்பிடி உமி நின்றது, வட்டமடித்தது, பிறகு நடுவில் குழி விழுந்து உள்ளே இழுபட்டுக் காணாமல் போனது. சற்று நேரத்தில் கீழ்ப்பக்கம் தரையோடு தரையாக வெளியே வந்தது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் மேலே சுழி தெரியாது. அப்போது ஒரு சொம்பில் மஞ்சள் தூளைக் கரைத்து அடிமட்டத்தில் மெல்ல ஊற்றிப் பாருங்கள்.

ஓட்டை தெரிந்தபின் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள். அடைப்பு போதாமல் இருக்கலாம்: வைக்கோலைக் களிமண் சேற்றில் புரட்டி மேல்பக்கமிருந்து திணியுங்கள், காலால் மிதியுங்கள். அடுத்து, நண்டு வளை. கரையோரத்தில் உருண்டை உருண்டையாகப் புதுமண் கிடந்தால் அதுதான். வளையைத் தோண்டிக் களிமண்ணால் இறுக்குங்கள். இரண்டும் இல்லை என்றால், அடிவரிசைக் கொப்பு தரைக்கு மேலேயே இருக்கிறது என்று பொருள். அதற்குக் குறுக்குவழி கிடையாது. தண்ணீர் வடிந்ததும் ஒரு சாண் ஆழத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி, முதல் வரிசைக் கொப்பை அதற்குள் புதைத்து, திரும்பப் பின்ன வேண்டும்.

*கீழ்ப்பக்கம் கசிவே இல்லை, ஆனாலும் கொரம்புக்கு மேல்பக்கம் தேங்கிய குளம் இரண்டு நாளில் வற்றுகிறது என்றால்:* படுகை மணல். தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறது. சந்தோஷப்படுங்கள், நாம் கட்டியதே அதற்குத்தான். பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு வாரம் ஒருமுறை மட்டம் குறித்துவையுங்கள்.

ஓரத்தில் கரை அறுகிறது

அடிக்கடி வருவது இது, அதிகக் கேடு செய்வதும் இதுதான். கொரம்பு அசையாமல் அப்படியே நிற்கும். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கரையைத் தின்றுகொண்டே போகும்.

ஓரிகனில் இதைப் பற்றி அவ்வளவு கவலைப்படமாட்டார்கள். அங்கே அகலமான பள்ளத்தாக்கு. தண்ணீர் ஓரமாகப் பரவிப் பழைய வெள்ளச் சமவெளியில் ஏறினால் நல்லது என்று விட்டுவிடுவார்கள். நமக்கு அப்படி விட முடியாது. ஆகவே கழியைத் தொடும் முன் கரைமேல் ஏறி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேய்ச்சல் நிலம் என்றால் நிதானமாகச் சரிசெய்யலாம். மனைக்கல் நட்டிருந்தால், மின்கம்பம் இருந்தால், சுற்றுச்சுவர் இருந்தால், முதல் வேலை நடுவிலிருக்கும் கொப்பை உருவித் தண்ணீரை நடுவழியாக விடுவது. மீதியெல்லாம் அப்புறம்.

*நடு உயரமா, ஓரம் உயரமா?* பத்தில் எட்டுமுறை கோளாறு இங்கேதான். கொரம்பின் நடுப்பகுதி இரண்டு ஓரத்தையும்விட ஒரு சாணாவது தாழ்ந்து இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டத்தில் தண்ணீர் நிரப்பி, கரைக்குக் கரை பிடித்துப் பாருங்கள். நடு உயர்ந்திருந்தால் ஒரு ரம்பம் போதும். நடுக் கழிகளின் தலையை அறுத்து, கொப்பை இரண்டு வரிசை கழற்றுங்கள்.

*கரைக்குள் எவ்வளவு போயிருக்கிறது?* கொரம்பு கரையில் போய் முட்டி நின்றால் போதாது. உள்ளே இரண்டு மூன்று அடி புதைந்திருக்க வேண்டும். கரையில் காடி வெட்டி, கொப்பை நீளவாக்கில் உள்ளே சொருகி, களிமண் போட்டுத் திமிசு கட்டையால் இடியுங்கள். காடி வெட்டுகிறோம் என்று நல்ல கரையைக் கலைத்துவிடாமல், கொப்பு நுழைகிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள்.

*கரை எந்த மண்?* கடப்பாரையைக் கையால் அழுத்திப் பாருங்கள். சர்ரென்று ஓர் அடி இறங்கினால் அது ஜேசிபி வைத்துத் தூர்வாரி ஓரத்தில் கொட்டிய மண். அந்த மண் எந்தக் கொரம்பையும் தாங்காது. அங்கே செலவழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் கழற்றி, மேலே இருபது முப்பது அடி தள்ளி, வேர் பிடித்த கரை உள்ள இடத்தில் போடுங்கள்.

இரண்டாவது வருடம் கார்த்திகையில் ஒரே ராத்திரியில் எங்கள் இடது கரை ஆள் உயரத்துக்கு அறுந்தது. காலையில் போனால், கரையோரப் பனையின் வேர்கள் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. துவைத்துப்போட்ட நூல்போல அவ்வளவு சுத்தமாக. கொரம்பின்மேல் எங்களுக்கு அவ்வளவு ஆசை, நடுவை அறுக்க மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் மூட்டை போட்டு ஓரத்தை அடைத்துப் பார்த்தோம். அடைக்க அடைக்க அந்தப் பக்கம் அறுத்தது. கடைசியில் நடுவிலிருந்து நாலு கழியைப் பிடுங்கினோம். ஐந்து நிமிடத்தில் ஓரத்து ஓட்டம் நின்றது. பனை இன்னும் நிற்கிறது, வேரைச் சுற்றி வெட்டிவேர் வைத்திருக்கிறோம்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது:* அறுப்பு ஒரு பாகத்துக்கு, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு, மேல் அகலமானால். அறுப்பு விளிம்பிலிருந்து பத்தடிக்குள் சாலை, தரைப்பாலம், மின்கம்பம், சுவர் எது இருந்தாலும். ஏரிக்கரையை நோக்கி அறுத்தால். நடுவைத் திறந்துவிட்டு உடனே நீர்வளத்துறை உதவிப் பொறியாளருக்குச் சொல்லுங்கள். மின்கம்பம் என்றால் மின்வாரியத்துக்கும். ஏரிக்கரையில் விரிசலோ ஊற்றோ தெரிந்தால் நீங்களாக மண் கொட்டாதீர்கள்.

கீழ்ப்பக்கம் குழி விழுந்து கழி சாய்கிறது

மேலேயிருந்து விழுகிற தண்ணீர் அடிவாரத்தைத் தோண்டுகிறது. கொரம்பு கீழ்ப்பக்கமாகச் சாய்ந்தால் இந்தக் குழிதான் காரணம். மேல்பக்கமாகச் சாய்ந்தால் எருமை. மழைவிட்ட மதியங்களில் குளத்தில் இறங்கிப் படுத்து, எழும்போது உரசும். எருமைக்கு ஒரு பக்கமாக இறங்குதுறை சரித்துவிட்டால் அது அந்த வழியே போய் வரும்.

குழிக்கு வருவோம். ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். ஒரு சாணுக்குள் என்றால், கீழ்ப்பக்கத்தில் கொப்புகளை நீரோட்டத்தின் திசையில் மெத்தைபோலப் பரப்பி, மேலே கல் பாரம் வையுங்கள். தண்ணீர் மெத்தைமேல் விழுந்து சிதறும். முழ ஆழம் என்றால் மெத்தையோடு, சாய்ந்த கழிகளுக்குக் கீழ்ப்பக்கமிருந்து முட்டுக் கழி கொடுக்க வேண்டும். கழியின் நுனி தெரிகிற அளவுக்குத் தோண்டிவிட்டது என்றால் கொரம்பு உயரம் அதிகம். ஒரு அடி குறைத்துவிட்டு, கீழே இன்னொன்று போடுங்கள். கீழ்க் கொரம்பில் தேங்குகிற தண்ணீர் மேல்கொரம்பின் காலடியைத் தொட வேண்டும். விழுகிற தண்ணீருக்கு அந்தக் குளமே மெத்தை. பீவர்களும் ஒரே அணையோடு பெரும்பாலும் நிறுத்துவதில்லை, வரிசையாகக் கட்டிக்கொண்டே போகும்.

கழியே இறங்கவில்லை

வண்டலூர், பல்லாவரம் பக்கமெல்லாம் அடியில் கருங்கல். ஓரடி இறங்கியதும் டங்கென்று நிற்கும். அடித்தால் கழியின் தலை பிளக்கும், அவ்வளவுதான். இரண்டடி தள்ளிக் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். கழி நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இறங்குகிற இடம் கிடைக்கவில்லை என்றால் கழியை மறந்துவிடுங்கள். கொப்பையும் கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கி, முழங்காலுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம். பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது கொரம்பு அல்ல, கட்டுமானம், பொறியாளர் வேலை.

மழைக்கு மறுநாள் கொரம்பே இல்லை

எவ்வளவு மழை என்று முதலில் பாருங்கள். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கொரம்பும் நிற்காது, நிற்கவும் கூடாது. கொரம்பு உடைந்து வழிவிட வேண்டிய நாள் அது.

அதனால்தான் கட்டுக்கம்பி, ஆணி, நைலான் கயிறு எதுவும் வேண்டாம் என்கிறேன். வெறும் பின்னலாக இருந்தால் குச்சி குச்சியாகப் பிரிந்து போகும். கம்பி கட்டியிருந்தால் மொத்தமாகச் சுருண்டு, கீழே இருக்கிற தரைப்பாலத்தின் கண்ணை அடைக்கும். அங்கே தேங்குகிற தண்ணீர் யார் வீட்டுக்குள்ளோ போகும். கொரம்பு போனதும் முதல் வேலை கீழ்நோக்கி நடந்து, சிக்கிக் கிடக்கும் கழிகளைப் பொறுக்குவது.

சாதாரண மழைக்கே போனால், கழிகளைத் தேடி எடுத்துப் பாருங்கள். முறிந்திருந்தால் கழி மெல்லிசு. மூன்றங்குலக் கனமுள்ள சவுக்குக் கழி வாங்குங்கள். முறியாமல் முழுசாகப் பிடுங்கியிருந்தால் ஆழம் போதவில்லை, அல்லது இடைவெளி அதிகம். ஒரு முழத்துக்கு ஒரு கழி கணக்கு. எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாவது முறை போனால், அந்த ஓடைக்கு வருகிற தண்ணீர் உங்கள் கையை மீறியது. மேல்பக்கம் ஏறிப் பாருங்கள். புதுக் குடியிருப்பின் வடிகாலை ஓடையில் திருப்பியிருப்பார்கள். அது தெரிந்தால் மூன்றாவது முறை கட்ட வேண்டாம், ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

குப்பை அடைத்து மேல்பக்கம் தண்ணீர் ஏறுகிறது

பிளாஸ்டிக் பை, தெர்மகோல், ஆகாயத்தாமரை. மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை கொக்கிக் கழியால் இழுத்துப் போடுவதுதான் மருந்து. கையை விடாதீர்கள், கண்ணாடிச் சில்லும் இருக்கும், விரியனும் இருக்கும். காலுக்குப் பூட்ஸ், கைக்கு உறை, காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும்.

சுத்தம் செய்தும் மட்டம் ஏறுகிறது என்றால் ஓர் ஆறங்குல பிவிசி குழாயை, எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமோ அந்த மட்டத்தில் கொரம்பின் ஊடே செருகுங்கள். குழாயின் மேல்முனையைக் கொரம்பிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளி, தண்ணீருக்குள் மூழ்கினமாதிரி, வலைக்கூண்டுக்குள் வையுங்கள். இது பீவர் இருக்கிற ஊர்களிலிருந்து எடுத்தது. பீவருக்கு ஓடும் தண்ணீரின் சத்தம் கேட்டாலே அடைக்க வேண்டும். ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் செய்த சோதனையில், தண்ணீர் ஓடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டதும் பீவர்கள் அதன்மேலேயே குச்சிகளைக் குவித்தன. ஆகவே தண்ணீர் நுழைகிற இடத்தை அணையிலிருந்து தள்ளி, சத்தமில்லாமல் வைக்கப் பழகினார்கள். நமக்கு அடைக்கிற பீவர் இல்லை, மிதக்கிற குப்பை இருக்கிறது. குப்பை மேலே மிதக்கும், குழாய்வாய் கீழே இருக்கும்; ஏற்பாடு ஒத்துவருகிறது.

மேல்பக்கம் ஏறுகிற தண்ணீர் ஒரு வீட்டு வாசலையோ பாதையையோ தொடுகிறது என்றால் குழாய் கீழாய் ஒன்றும் யோசிக்காதீர்கள். கொரம்பை முழுசாகக் கழற்றுங்கள். இருட்டியிருந்தாலும், மழை கொட்டினாலும் ஓடைக்குள் தனியாக இறங்காதீர்கள். கரையிலிருந்தே கயிறு போட்டு நடுக்கழியை இழுத்தால் மற்றதைத் தண்ணீரே செய்துகொள்ளும்.

நாற்றம், கொசு

முட்டை அழுகின நாற்றம் லேசாக என்றால் இலைச்சருகு மக்குகிறது, அடுத்த ஓட்டத்தில் போய்விடும். கழிவுநீர் நாற்றம், சாம்பல் நிறம், நுரை என்றால் மேலே யாரோ கழிவுநீர் விடுகிறார்கள். கொரம்பை அன்றே திறந்துவிடுங்கள். சாக்கடையைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்கக் கூடாது. எங்கிருந்து வருகிறது என்று போட்டோ எடுத்து ஊராட்சியிலும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திலும் கொடுங்கள்.

கொசு என்று ஊர்க்காரர்கள் சொன்னால் வாதம் செய்யாமல் அவர்களையே கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் ஓரமாக மொண்டு, வெயிலில் பிடித்தால் புழு நெளிவது தெரியும். எங்கள் குளத்தில் ஓரிரு புழுதான் கிடைத்தது. பக்கத்தில் கிடந்த பழைய டயரில் கிண்ணம் நிறைய. டெங்குக் கொசு அந்த மாதிரி இடத்தைத்தான் தேடும். குளத்திலேயே புழு அதிகம் என்றால், ஓட்டம் நின்று ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். குழாயைத் தாழ்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். கம்பூசியா மீன் விடலாம் என்று யோசனை வரும், வேண்டாம். அது வெளியூர் மீன், தவளை முட்டையையும் நம் மீன்குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். இரண்டு முறை வடித்தும் தீரவில்லை என்றால் சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள்.

கழி உளுத்துப்போகிறது

தண்ணீர் மட்டத்தில் நனைந்து காய்கிற இடத்தில் சவுக்கு மூன்றாவது வருடம் உளுக்கும், மேலே காய்ந்த பகுதியில் கரையான் ஏறும். கழியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற கழியைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் புதிது அடியுங்கள். புதிதில் பாதியைப் பூவரசம் போத்தாகவும் நொச்சிக் கொப்பாகவும் வைத்தால் அது வேர்விட்டு நிற்கும். அமெரிக்காவில் வில்லோ கொப்பை இதே காரணத்துக்காகத்தான் பின்னுகிறார்கள். சீமைக்கருவேலம் ஓடை நெடுகக் கிடக்கிறதே என்று எடுத்தால், காய் இல்லாத கொப்பாகப் பார்த்து எடுங்கள்.

குளம் முழுக்க மண் நிரம்பிவிட்டது

போனில் அதிகம் பேர் கேட்பது இதைத்தான், தூர்வாரலாமா என்று. வேண்டாம். கொரம்பு தன் வேலையை முடித்துவிட்டது. நிரம்பிய மண்ணின் மட்டத்துக்கு ஓடையின் தரை உயர்ந்திருக்கிறது. பள்ளமாக அறுந்துபோன ஓடை திரும்ப மேலே வருவது இப்படித்தான். மண்ணை வாரினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த மண்ணின்மேல் கோரை முளைக்கிறதா என்று பாருங்கள். முளைத்திருந்தால் பழைய கொரம்பைத் தொடாமல், கரை உயரம் மிச்சம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டடிக்கு மேல் மிச்சம் இருந்தால் அதே இடத்தில், நிரம்பிய மண்ணின்மேல் அடுத்த வரிசைக் கழி அடிக்கலாம். இல்லையென்றால் கீழே தள்ளிப் புதிதாக ஒன்று. எங்கள் ஓடையில் மேலேயிருந்து முதல் மூன்றும் நிரம்பிவிட்டன. மூன்றாவதின் மேல் போன மார்கழியில் கோரைக்கு நடுவே ஒரு கானாங்கோழி குஞ்சுகளோடு நடந்து போனது. நாலாவதுக்குக் கழி வாங்கிச் சேர்த்திருக்கிறோம், இந்த ஆடியில் அடிக்க வேண்டும்.